மூடிய கைக்குள் ரொட்டி

அறுபத்திரண்டு கிண்ணம்தான் எடுத்து வைப்பேன். எண்ணிப் பார்த்தால் அறுபத்திமூன்று இருக்கும்.

"அக்கா, உங்களுக்கு எண்ணத் தெரியுமா, தெரியாதா?" என்று கென்ஜே கேட்பாள். எங்கள் பள்ளிச் சமையற்கட்டில் பாத்திரம் கழுவுகிறவள் அவள். நாற்பது வயதாகியும் வாயை மூடத் தெரியாதவள்.

"உன் வேலையப் பாருடி. கிண்ணம் ஒண்ணு கூடினா உன் கை தேஞ்சா போகும்?" என்பேன்.

கத்திவிட்டு அந்தக் கடைசிக் கிண்ணத்தை எடுத்து அடுக்கில் திரும்ப வைப்பேன். அந்தக் கிண்ணம் யாருக்கு என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் எல்லாரும் வாங்கிக்கொண்டு போன பிறகு, வரிசையில் கடைசியாக, பரிமாறும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் நிற்பாள். நெற்றி மட்டும்தான் தெரியும், அவ்வளவுதான் உயரம். கிண்ணத்துக்குக் கை நீட்ட மாட்டாள், நகரவும் மாட்டாள். கஞ்சியின் ஆவி கலைந்ததும் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஏழு வருஷம் இப்படித்தான் நடந்தது.

என் பெயர் புருல்கான். நரின் நகரத்திலிருந்து கணவாய் தாண்டி வந்தால் எங்கள் ஊர். ஊரில் இருப்பது ஒரே பள்ளிக்கூடம், அதில் இருபத்தாறு வருஷம் நான்தான் சமையல். பிள்ளைகள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவார்கள். என் வாய் கொஞ்சம் நீளம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கையால் ஒரு பிள்ளையும் பட்டினியாகப் போனதில்லை.

இந்த வேலை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சுலபம். ஒருத்தனுக்குப் பால் ஆகாது. ஒருத்திக்குச் சர்க்கரை வியாதி, அவள் கம்போட்டில், அதாவது பழம் வேகவைத்த தண்ணீரில், இனிப்பு போடக் கூடாது. டுங்கான் என்கிற சீன முஸ்லிம் இனத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர். ஹலால் என்று முத்திரை இல்லாத சாசேஜ் சட்டியில் விழுந்தால் அந்தக் கரண்டியைக்கூடத் தொட மாட்டார்கள். ஒருமுறை மாவட்டத்திலிருந்து என்ன கறி என்றே தெரியாத சாசேஜ் பெட்டி வந்தது. "இத எம்பிள்ளைக்குப் போட்டீங்கன்னா உங்கள சும்மா விட மாட்டேன்" என்று ஒரு அம்மா முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நானும் முஸ்லிம்தாம்மா, என் வயித்துக்கும் அது ஆகாது, போய் உன் சோலியப் பாரு" என்று சொல்லிவிட்டு, பெட்டியை அப்படியே திருப்பி அனுப்பினேன். இரண்டு சட்டி, இரண்டு கரண்டி, இரண்டு துணி என்று எல்லாம் தனித்தனி. இதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு பிள்ளைக்கு ரொட்டி ஆகாது என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. பன்றிக்கறி ஆகாது என்றால் சரி, அது விலக்கப்பட்டது. ரொட்டி எப்படி ஆகாமல் போகும்? ரொட்டியைக் கவிழ்த்து வைத்தாலே எங்கள் வீடுகளில் அடி விழும். கீழே விழுந்த துண்டை எடுத்து, கண்ணில் ஒற்றி, உயரமான இடத்தில் வைப்போம். வீட்டு வாசலுக்கு வந்தவரை, அவசரமாகப் போகிறவரைக்கூட, ரொட்டியில் வாய் வைக்காமல் அனுப்ப மாட்டோம். ஒரு துணுக்கு போதும். வேண்டாம் என்று போனால் ரொட்டியை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும்.

தான்சுலு இரண்டாம் வகுப்பில் படித்தாள். நசிபாவின் மூத்த மகள். நசிபா தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவள், அதிகம் பேச மாட்டாள். மகளைச் சேர்த்த அன்றைக்கே ஒரு காகிதம் கொண்டுவந்து கொடுத்தாள். கோதுமை கூடாது, ரொட்டி, நூடுல்ஸ், எண்ணெயில் பொரித்த போர்சோக், ரவை, எதுவும் கூடாது, பட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் கையெழுத்தோடு எழுதியிருந்தது. நான் அதைச் சமையற்கட்டுச் சுவரில் ஒட்டினேன். எதைக் கொண்டு ஒட்டினேன் தெரியுமா? கோதுமை மாவைக் காய்ச்சிய பசையால். நான் அதை எவ்வளவு புரிந்துகொண்டேன் என்பதற்கு அது ஒன்று போதும்.

அப்போதெல்லாம் பள்ளியில் பன்னும் தேநீரும்தான் கொடுப்பார்கள். அறுபது பிள்ளைகள் பன் தின்னும்போது அவள் மட்டும் ஒரு தகர டப்பாவைத் திறந்து அவித்த உருளைக்கிழங்கும் கறித்துண்டும் தின்பாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. தின்று முடித்ததும் டப்பாவைக் கழுவ என்னிடம் வருவாள். பாட்டு ஒன்று முனகிக்கொண்டே கழுவுவாள்.

அன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமைதோறும் இறந்தவர்களுக்காக எண்ணெயில் ரொட்டி சுட்டு வாசனை போடுவோம். அந்த வாசனைதான் அவர்களுக்குச் சாப்பாடு. என் அம்மாவுக்காகச் சமையற்கட்டிலேயே ஏழு ரொட்டி சுட்டு வைத்திருந்தேன். மற்ற பிள்ளைகள் மைதானத்துக்குப் போய்விட்டார்கள். கென்ஜே தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். தான்சுலு டப்பாவைக் கழுவித் துடைத்துவிட்டுக் கிளம்பினாள்.

"ஏய், நில்லு. இறந்தவங்களுக்குப் போட்ட ரொட்டி. வாய் வச்சிட்டுப் போ" என்றேன்.

"அம்மா வேணாம்னு சொல்லியிருக்காங்க, பெரியம்மா."

"தின்னச் சொல்லலடி. சும்மா வாய் வையி. பருப்பு அளவு. அதுல என்ன ஆயிடப் போகுது?"

"அம்மா..."

"உங்கம்மா ரொட்டியவிடப் பெரியவளா?"

இதை நான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். ஒரு துண்டு பிய்த்து அவள் கையில் வைத்தேன். பெரியவர்கள் ரொட்டியை நீட்டினால் எங்கள் பிள்ளைகள் மறுக்க மாட்டார்கள், அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். அவள் என்னையே பார்த்தபடி ஒரு ஓரத்தைக் கடித்தாள். அப்புறம் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவி, பிரார்த்தனையை முடிக்கிற ஓமின் சொன்னாள். மிச்சத் துண்டைக் கீழே போடவில்லை. எப்படிப் போடுவாள்? கைக்குள் பொத்திக்கொண்டு போனாள்.

நான் திருப்தியாகத்தான் இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு ஒரு நல்ல பழக்கம் சொல்லிக் கொடுத்தாயிற்று என்று நினைத்தேன்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. தாழ்வாரத்தில் இருமல் கேட்டது. வறட்டு இருமல், நாய்க்குட்டி குரைப்பது போல. ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வீங்கியிருந்தது. இதற்குப் போடுகிற ஊசி ஊரில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட வண்டி கணவாய் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது.

அவள் கை மட்டும் இறுக மூடியிருந்தது. வண்டியில் கூட வந்தது நான்தான், அதனால் அந்தக் கையைப் பிரித்ததும் நான்தான். உள்ளே ரொட்டித் துண்டு. நர்ஸ் பார்த்தாள், தலைமையாசிரியர் பார்த்தார், பின்னாலேயே வேறு வண்டியில் வந்த நசிபாவும் பார்த்தாள்.

"ஐயோ பாவி, திருடித் தின்னுட்டியா?" என்று நசிபா மகளைப் பார்த்துக் கேட்டாள். செத்த பிள்ளையைப் பார்த்துக் கேட்டாள்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஊரெல்லாம் கேட்கப் பேசுகிற வாய். திறக்கவில்லை. என் இரண்டு பிள்ளைகள் ஞாபகம் வந்தது, ஜெயில் ஞாபகம் வந்தது. இவ்வளவு துணுக்கு எப்படி ஒரு உயிரைக் கொல்லும், வேறு ஏதோ வியாதியாக இருக்கும் என்றும் நினைத்துக்கொண்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் அடக்கம் முடிந்தது. நாற்பதாம் நாள் வந்தது. வருஷம் வந்தது. "ஆசைப்பட்டு எடுத்துத் தின்னுட்டா, பாவம்" என்று ஊரே சொன்னது. நானும் தலையாட்டினேன். தலையாட்டினேன்!

அதற்கப்புறம் வியாழக்கிழமைகளில் என் அம்மாவோடு அவளுக்கும் சேர்த்துச் சுட ஆரம்பித்தேன். எண்ணெய் காய்ந்து மாவு பொங்கும். வாசனை எழும்பும். உடனே பின்னாலிருந்து கேட்கும், அந்த வறட்டு இருமல். திரும்பினால் யாரும் இல்லை. கென்ஜேவிடம் "இருமினியா?" என்று கேட்பேன். "நான் எங்க இருமினேன், உங்க காதுக்குத்தான் வயசாகுது" என்பாள். நான் பயந்துபோய் இன்னும் நல்ல வெண்ணெய் ஊற்றி, இன்னும் மிருதுவாகப் பிசைந்து, அடுத்த வாரம் சுடுவேன். இருமல் இன்னும் கிட்டத்தில் கேட்கும்.

இப்படி ஏழு வருஷம் போனது. போன செப்டம்பரில் நசிபா மறுபடி என் சமையற்கட்டுக்கு வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னது. பெரியவள் போன பிறகு பிறந்தவள், எர்காயிம் என்று பெயர். அதே நெற்றி.

"இவளுக்கும் அதே வியாதிதான், அக்கா" என்றாள் நசிபா. "ஊர்ல வேற பள்ளிக்கூடம் இல்ல. மாஸ்கோவுல இருக்குற என் தம்பி ஊசி வாங்கி அனுப்பியிருக்கான், பேனா மாதிரி. ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும். டீச்சர்கிட்டயெல்லாம் குடுத்தா அலமாரில வச்சுப் பூட்டிட்டுச் சாவியத் தொலைச்சிடுவாங்க. உங்களத்தான் நம்புறேன். அன்னிக்கு என்னைவிட நீங்கதான் அதிகமா அழுதீங்க."

ஊசியை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

"பெரியம்மாகிட்ட சொல்லு, தினமும் காலையில என்ன சொல்லணும்னு சொல்லிக் குடுத்தேன்?" என்றாள் நசிபா.

சின்னது நிமிர்ந்து நின்று ஒப்பித்தது. "நான் அக்கா மாதிரி திருட மாட்டேன். அக்கா திருடித் தின்னதால செத்துட்டா."

நசிபாவுக்குக் கண் கலங்கியது. "கொடுமையாத்தான் இருக்கு. ஆனா பயம் இருந்தாத்தானே உயிரோட இருப்பா?" என்றாள்.

பெரியவள் போன வருஷமே அரசாங்கம் சின்ன வகுப்புகளுக்குச் சூடான சாப்பாடு போட ஆரம்பித்திருந்தது. எர்காயிமுக்கென்று தனிச் சட்டி வாங்கினேன். பச்சை மூடி போட்டது, அதை வேறு யாரும் தொடக் கூடாது. "கென்ஜே, அந்தச் சட்டிய நீ தொட்டே, உன் கைய வெட்டிடுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். மாவு சலிக்கிற நாளில் அவள் சாப்பாட்டை முதலில் சமைத்து மூடி, அப்புறம்தான் மாவு மூட்டையைப் பிரிப்பேன். பக்வீட் தானியம், அரிசி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் என்று ஒவ்வொரு நாளும் மாற்றி மாற்றிச் சமைப்பேன். தினமும் ஜன்னலில் கிண்ணத்தை வாங்கும்போது அது எட்டிப் பார்த்துச் சொல்லும், "பெரியம்மா, நான் அக்கா மாதிரி திருட மாட்டேன்."

ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பின்னால் அந்த இன்னொரு நெற்றி நிற்கும். தங்கை சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

ஒரு நாள் தாங்க மாட்டாமல், "அப்படிச் சொல்லாத கண்ணு. அக்கா நல்லவ" என்றேன்.

"நல்லவங்க ஏன் திருடுறாங்க?" என்று கேட்டது.

பதில் என் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. அன்று முழுக்க எனக்கு எச்சில் விழுங்க முடியவில்லை. உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், வீங்கியிருக்கிறதா என்று.

மார்ச் மாதம் அரிச்சுவடி விழா வந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்தெல்லாம் படித்து முடித்த கொண்டாட்டம். பிள்ளைகள் தலையில் அட்டையில் வெட்டிய எழுத்துகளை வைத்துக்கொண்டு பாடினார்கள். அம்மாக்கள் நீள மேசைகளில் விரிப்பு விரித்து, மலை மலையாகப் போர்சோக்கைக் கொட்டி வைத்திருந்தார்கள். ஜாம், உலர்ந்த ஆப்ரிகாட் பழம், மிட்டாய். நசிபா கடைசி வரிசையில் மடியில் ஒரு டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். மகளுக்கு மட்டும் மக்காச்சோள ரொட்டி. பேனா ஊசி என் அங்கிப் பையில் இருந்தது. நான் கம்போட் தட்டை ஏந்திக்கொண்டு மேடை ஓரமாக நின்றேன்.

பாட்டு முடிந்ததும் துணைத் தலைமையாசிரியை அனிபா எழுந்தாள். தங்கமான பெண். எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்ற பட்டியலில் கையெழுத்துப் போட்டதே அவள்தான். பெரிய ரொட்டியைத் தட்டில் ஏந்தி, பிள்ளைகளை வாழ்த்தி, ஒவ்வொருவராக வாய் வைக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். பிள்ளைகள் பிய்த்துப் போட்டுக்கொண்டார்கள். எர்காயிமிடம் வந்தாள்.

"எனக்கு ஆகாது, டீச்சர்."

"தெரியும்டா தங்கம். தின்ன வேணாம். ஒரு துணுக்கு, சும்மா வாய் வச்சா போதும். எல்லாப் பிள்ளையும் ரொட்டி தொட்டிருக்க, நீ மட்டும் தொடாமப் போகலாமா?"

அனிபா துணுக்கைக் கிள்ளி நீட்டினாள். எர்காயிம் அதையே பார்த்தது. அப்புறம் முகம் மலர்ந்து கேட்டது.

"நீங்களே குடுத்தா அது திருட்டு இல்லைல, டீச்சர்?"

"திருட்டா? இதுல என்ன திருட்டு?"

"அப்ப ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தது.

திருடினால்தான் சாவு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். கொடுத்ததைத் தின்றால் ஒன்றும் ஆகாது என்று பிள்ளை கணக்குப் போட்டுவிட்டது. என் பொய்தான் அதன் வாயைத் திறந்தது. அந்த நேரம் என் காதுக்குப் பக்கத்தில், அத்தனை பேர் இரைச்சலுக்கும் நடுவில், அந்த இருமல் கேட்டது.

கம்போட் தட்டை எங்கே போட்டேன் என்று தெரியாது. பாய்ந்துபோய் அனிபாவின் கையை அடித்தேன். துணுக்கு பறந்தது. அது போதவில்லை எனக்கு. ரொட்டித் தட்டையே பிடுங்கித் தரையில் அடித்தேன். ரொட்டி உருண்டு, என் காலடியில் கவிழ்ந்து விழுந்தது.

ரொட்டியைத் தரையில் அடித்தவளை எங்கள் ஊரில் இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஒரு அம்மா "தோபா, தோபா" என்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்டு முணுமுணுத்தாள். ஒரு கிழவர் குனிந்து ரொட்டியை எடுக்கப் போனார்.

"எடுக்காதீங்க! கிடக்கட்டும்!" என்று கத்தினேன்.

"புருல்கான் அக்கா, உங்களுக்குப் பைத்தியமா?" என்றாள் அனிபா. கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு துணுக்குதானே..."

"நானும் அதத்தாண்டி சொன்னேன்! பருப்பு அளவுதானேன்னு நானும் சொன்னேன்!"

நசிபா எழுந்து நின்றுவிட்டாள். டப்பா மடியிலிருந்து விழுந்தது. நான் அவளைப் பார்த்துத்தான் சொன்னேன். மற்றவர்கள் இருந்தார்களா என்றே எனக்குத் தெரியவில்லை.

"உன் பொண்ணு திருடல, நசிபா. நான்தான் குடுத்தேன். அம்மா வேணாம்னு சொல்லியிருக்காங்கன்னு சொன்னா. நான் கேக்கல. உங்கம்மா ரொட்டியவிடப் பெரியவளான்னு கேட்டேன். கையில வச்சு, வாய் வையின்னு நின்னேன். அதுக்கப்புறமும் அவ ஓரத்தத்தான் கடிச்சா. மிச்சத்தக் கீழ போடக் கூடாதுன்னு கைக்குள்ள பொத்திக்கிட்டா. அந்தக் கையத்தான் நான் பிரிச்சேன். பிரிச்சுட்டு, அவளத் திருடின்னு நீ சொன்னப்போ பேசாம நின்னேன்."

எர்காயிம் என்னை நிமிர்ந்து பார்த்தது. தலையில் இருந்த அட்டை எழுத்து சரிந்து காதில் தொங்கியது.

"அப்ப அக்கா திருடலையா?"

"இல்ல கண்ணு."

"அம்மா! அக்கா திருடலையாம்மா!" என்று அது கூவியது, பரிசு வாங்கினது மாதிரி.

நசிபா நடந்து வந்தாள். அடிப்பாள் என்று நின்றேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்று நின்றேன். அடிக்கவில்லை. என் அங்கிப் பையில் கைவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டாள். மகளைத் தூக்கினாள். போகும்போது தரையில் கிடந்த ரொட்டியைத் தாண்டிப் போனாள். எடுக்கவில்லை.

தலைமையாசிரியர் அன்றே சாவியை வாங்கிக்கொண்டார். காவல் நிலையத்துக்கு நானே போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். கூப்பிடும்போது வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஊரில் பாதிப் பேர் என்னைக் கொலைகாரி என்றார்கள், பாதிப் பேர் ரொட்டியை மிதித்தவள் என்றார்கள். இரண்டாவதுதான் அவர்களுக்குப் பெரிய குற்றம். கென்ஜே மட்டும் ஒரு பை உருளைக்கிழங்கோடு வந்து வாசலில் வைத்தாள். "இப்ப கிண்ணம் சரியா அறுபத்திரண்டுதான் இருக்கு, அக்கா" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள்.

அதற்கடுத்த வியாழக்கிழமை, மதியம். நான் அடுப்புப் பற்றவைக்கவில்லை. வாசனை போட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தேன். கதவு தட்டிய சத்தம் கேட்டது. திறந்தால் நசிபா. பின்னால் எர்காயிம் தெருவில் பனி உருகிய தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தது.

நசிபா உள்ளே வந்தாள். புது வாணலி, எண்ணெய்ப் புட்டி, ஒரு சின்னத் துணிப்பை மூன்றையும் மேசையில் வைத்தாள். பையில் மக்காச்சோள மாவு.

"சுடுங்க" என்றாள்.

"நானா?"

"நீங்கதான். அவளுக்குக் கடைசியா ரொட்டி குடுத்த கை அதுதானே? அந்தக் கையாலேயே சரியானதக் குடுங்க."

மாவைப் பிசைந்தேன். வெந்நீர், உப்பு, ஒரு முட்டை. மக்காச்சோள மாவு கைக்கு அடங்காது, உதிரும். ஏழு தட்டினேன். எண்ணெயில் போடும்போது என் தோள் தானாக இறுகியது. இருமலுக்குக் காத்திருந்தேன்.

நசிபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கும் கேக்குமா?" என்றாள்.

கரண்டி என் கையில் நின்றுவிட்டது.

"எங்க வீட்லயும் வியாழக்கிழமைதான் கேக்கும்" என்றாள். "எண்ணெயில மாவு விழுந்ததும் இருமுவா. ஏழு வருஷமா நான் எதுல சுட்டேன்னு நினைக்கிறீங்க? கோதுமையிலதான். எல்லாரும் அதுலதானே சுடுறோம். சின்னவள வெளிய அனுப்பிட்டு, கதவச் சாத்திட்டுச் சுடுவேன். இருமினா, பாவம், திருடித் திங்கற அளவுக்கு ஆசைப்பட்ட பிள்ளை, இன்னும் பசியாத்தான் இருக்குன்னு நினைச்சு..."

முகத்தைத் துடைத்துக்கொண்டு முடித்தாள்.

"...இன்னும் ரெண்டு சேத்துப் போடுவேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. ஏழு ரொட்டியும் எண்ணெயில் மஞ்சளாகச் சிவந்தன. வாசனை வேறு மாதிரி எழும்பியது, கொஞ்சம் இனிப்பாக. வீடு முழுக்கப் பரவியது. இரண்டு பேரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றோம். அடுப்பில் எண்ணெய் பொரிகிற சத்தம். வெளியே சின்னது தண்ணீரில் குதிக்கிற சத்தம். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அடுப்பை அணைத்தேன். நசிபா கைகளை விரித்து, உதடு மட்டும் அசைய ஓதினாள். முகத்தைத் தடவி ஓமின் சொன்னாள். நானும் சொன்னேன். அவள் ஏழு ரொட்டியையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். எர்காயிமுக்கு.

"உங்கள மன்னிக்க முடியல" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

மேசையில் என் வீட்டு ரொட்டி துணி மூடி இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் வீட்டுக்குள் வந்த யாரும் இத்தனை வருஷத்தில் அதில் வாய் வைக்காமல் வெளியே போனதில்லை. பழக்கதோஷத்தில் என் கை துணியை விலக்கப் போனது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

நசிபா திரும்பி நடந்தாள். நான் கதவைத் திறந்துவிட்டேன். அவளைக் கூப்பிடவில்லை.